வால் மேலா, கீழா?

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வந்த பஸ்ஸில் அன்று டிரைவர், கண்டக்டர், பூக்கூடைக்காரம்மா, முன்சீட்டில் ஒரு கணவன் மனைவி, அவர்களுக்குப் பின்னால் நான்.

"புலிய யாராவது வாஷிங் மெஷின்ல போடுவாங்களா?" என்றார் கணவர். மடியில், புலிப்படம் வெளுத்துப்போன கொடி.

"மாமா போனப்பறம் நம்ம கைக்கு வந்த குடும்பக் கொடி. பளிச்சினு இருக்கட்டும்னுதாங்க துவைச்சேன்."

"நாளைக்குத் தேருக்கு முன்னாடி நான் புடிக்கணும். பங்காளிங்க பாத்தா கொடிய வேற வூட்டுக்குக் குடுத்துடுவாங்க."

"பெயிண்டர் வரைஞ்சி தருவாருங்க."

"வாலு மேலயா, கீழயானு கேப்பாரே?"

"சித்தப்பாவ கேளுங்க."

"கேட்டா அவருக்கும் தெரிஞ்சிடும்."

மனைவி சற்று யோசித்தார். "ஒக்காந்த மாதிரி வரையச் சொல்லுங்க. வாலே தெரியாது."

பூக்கூடைக்காரம்மா திரும்பினார். "தேருக்கு முன்னாடி போற புலி ஒக்காந்துகினா போவும்?"

கண்டக்டர் மட்டும் சிரித்தார். கணவர் பஸ் நிற்கும்வரை, வெளுத்த துணியில் வால் இருந்த இடத்தை விரலால் தேடிக்கொண்டே வந்தார்.