ஆட்சேபணை இருப்பின்

பேப்பரின் உள்பக்க மூலையில் வரும் பொது அறிவிப்புகளை யாரும் படிப்பதில்லை. வக்கீலான நானே படிப்பதில்லை, இன்ஸ்பெக்டர் சார். கோர்ட் கேட்கிறது, கொடுக்கிறோம்.

மயிலாப்பூரில் ஆறு வீடுகள் கொண்ட பழைய கட்டடம். இடித்துக் கட்ட ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு, காலி செய்து, வாடகைக்குப் போய்விட்டார்கள். ஆறாவது வீடு ஜலஜா அம்மாளுடையது. கணவர் உயில் எழுதாமல் போனதால் பாதி அவருக்கு, பாதி மகன் ஆனந்தகுமாருக்கு. மகனோ அப்பாவிடம் கோபித்துக்கொண்டு கிளம்பி அப்போதே ஒன்பது வருஷம்.

ஏழு வருஷம் தகவலே இல்லாத ஒருவரை இறந்தவராகக் கருதச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படி அறிவிக்கக் கேட்கும் மனுவில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். நாலு மாதம் மறுத்தார். "பெத்தவ கையால அதை எப்படி தம்பி எழுதறது?"

வெறும் பேப்பர்தான், மகன் வந்தால் கிழித்துப் போடலாம் என்றேன். கையெழுத்துப் போட்டார். ஆதம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் அவரை நானே குடிவைத்தேன். மிக்ஸியைக்கூட நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

மகனைப் பற்றிய அறிவிப்பு பேப்பரில் வந்து ஒரு மாதம் கழித்து ஆனந்தகுமார் என் ஆபீசுக்கு வந்தான். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் வேலை. வடை மடித்த பேப்பரில் தன் பெயரைப் பார்த்திருக்கிறான்.

"நான் செத்துட்டேனாமே சார்" என்று சிரித்தான்.

வீடு பூட்டிக் கிடக்கிறது, அம்மா எங்கே என்றான். இடிக்க விடமாட்டேன், இனி அம்மாவோடு அங்கேதான் இருக்கப்போகிறேன் என்றான். தீர்ப்புக்குப் பத்து நாள் இருந்தது. ஐந்து குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வெளியே நிற்கின்றன. நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

அம்மா தவறி இருபது நாளாகிறது என்றேன்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். "கடைசியா என்னைக் கேட்டாங்களா?"

கேட்டார் என்றேன். அது பொய்யில்லை, தினமும் கேட்டார். அஸ்தியைப் பெசன்ட் நகர் கடலில் கரைத்ததாகச் சொன்னேன். அம்மா இல்லாத வீடு எதற்கு, இடித்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டான். இறப்புச் சான்றிதழ் மட்டும் கேட்டான். வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

தீர்ப்பு வந்த அன்று ஜலஜா அம்மாள் மெதுவாகக் கேட்டார். "இனிமே அமாவாசைக்கு அவனுக்குச் சோறு வெக்கணுமா தம்பி?"

வையுங்கள் என்றேன். மனசுக்கு ஒரு பிடி வேண்டுமே. இரண்டு வருஷம் அவர் மொட்டைமாடியில் மகனுக்காகக் காக்கையைக் கூப்பிட்டார். அதே காலையில் அவன் கடற்கரையில் அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டான். இருவர் இருப்பிடத்துக்கும் நடுவே அரைமணி நடைதான்.

கட்டடமா? பில்டருக்கும் காண்ட்ராக்டருக்கும் தகராறாகி, தூண்களோடு நிற்கிறது. அந்த வழக்கையும் நான்தான் பார்க்கிறேன்.

போன அமாவாசையன்று சோற்றுக் கிண்ணத்தோடு மாடிப்படியில் அம்மா விழுந்தார். ஆஸ்பத்திரி போகும்முன் உயிர் போய்விட்டது. கொள்ளி நானே வைத்தேன். பிறகு சான்றிதழ் வாங்கி, சொன்னபடி ஆனந்தகுமாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேதியை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். அதன்பிறகுதான் உங்களிடம் வந்திருப்பான்.

பழைய தேதி போட்டுத் தர ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் முப்பது வருஷத் தொழிலில் நான் ஒரு பொய்ச் சான்றிதழ்கூட யாருக்கும் கொடுத்ததில்லை, சார்.