கையெழுத்துப் போடாதவர்

— ஏழாவது பேர் என்னுது, எட்டாவது உன்னுது. பேப்பர்லயே போட்டிருக்கான்டா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.

— நூறு தடவை பாத்துட்டேன்க்கா. ‘ஒப்பந்தம் குறித்துக் கலந்தாலோசிக்கப்பட்ட மக்கள் அமைப்புகள்.’ நாப்பத்தோரு அமைப்பு, கையெழுத்துப் போட்டவங்க பேரோட. அத்தனையும் நம்ம கூட்டணி.

— நாம என்ன ஆலோசனை சொல்லவா போனோம்? பக்கத்து நாட்டுப் பால் பவுடரை வரியில்லாம இறக்காதே, எங்க பொழப்பு போயிடும்னு சண்டை போடத்தானே போனோம்?

— அதாவதுக்கா, மந்திரி ஆபீஸ் வாசல்ல ஒரு நோட்டு விரிச்சு வெச்சிருந்தாங்க. தலைப்பு எதுவும் இல்ல. வருகைப் பதிவேடுன்னு நெனச்சேன்.

— நீ நெனக்கலைன்னாத்தான் ஆச்சரியம். நாலு பேர் டீ குடிக்க உக்காந்தாலே நோட்டை நீட்டுற ஆளு. அம்மா சாவுக்கு வந்தவங்ககிட்டயும் நீட்டுனியே!

— சங்கம்னா பதிவு வேணும்க்கா. பதிவில்லாத கூட்டம் சந்தைக்கடை.

— இப்பவும் அதையே சொல்லு. உள்ள நம்மள எவ்வளவு நேரம் பேசவிட்டாங்க?

— பதினோரு நிமிஷம். குறிச்சு வெச்சிருக்கேன்.

— அதையும் கட்டிக்கிட்டு அழு. அந்தக் கேனை இந்தப் பக்கம் நகத்து. பால் கொட்டின தரை, இப்ப கழுவலைன்னா நாத்தம் புடுங்கிடும்.

— கழுவுறேன், குடு. அக்கா... நான் வந்தது வேற விஷயமா. வக்கீலைப் பாத்தேன். ஒப்பந்தம் அமலுக்கு வர்றதுக்கு முன்னால தடை கேக்கலாமாம்.

— கேக்க வேண்டியதுதானே?

— நாம கேக்க முடியாது. ‘உன்னைக் கேட்டுத்தானே செஞ்சோம், இதோ உன் கையெழுத்து’ன்னு முதல் நாளே தூக்கி எறிஞ்சிடுவாங்களாம். அன்னைக்குக் கூட வந்து, தலைப்பில்லாத அந்த நோட்டைப் பாத்தும் கையெழுத்துப் போடாத ஆள் ஒருத்தர் வேணும்.

— போடாத ஆளா?

— நீ அப்படிப் பாக்காதேக்கா.

— நான் எப்படியும் பாக்கலை. நீயே சொல்லு, யாருன்னு.

— மாமாதான்.

— உங்க மாமா அன்னைக்கு சைக்கிள் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு என்ன சொன்னாரு? ஞாபகம் இருக்கா?

— ‘வெறுங்காகிதத்துல கையெழுத்துப் போடுறவன் தன் தலையில தானே மண்ணை வாரிப் போடுறவன்’னாரு.

— அதுக்கு நீ?

— கட்டுப்பாட்டை மீறிட்டாருன்னேன். வெளிய பத்திரிகைக்காரன் முன்னால நம்மள முட்டாள்னு சொன்னா நான் என்னக்கா பண்றது? அவரைச் சங்கத்துலேருந்து நீக்கத் தீர்மானம் கொண்டு வந்தேன். ஆனா நீயும் கை தூக்குனே.

— தூக்குனேன். புருஷன்னு பாக்குறா பாருன்னு ஊர் பேசும்னு பயந்து, எல்லாருக்கும் முன்னால தூக்குனேன். அடுத்த நாள் காலைல அவரு கேனோட வரிசையில வந்து நின்னாரு. பால் அளக்குறவ நான். ‘உங்க பேரை நீக்கியாச்சு, எடுக்க முடியாது’ன்னு என் வாயாலயே சொன்னேன்டா.

— உன் பேருக்கு மாத்தி ஊத்தியிருக்கலாமே?

— சொல்லாம இருப்பேனா? ‘என் மாட்டுப் பாலைத் திருட்டுப் பால் மாதிரி ஊத்தணுமா’ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் வீட்டுல பேச்சே கிடையாது. தட்டை வெச்சா சாப்பிடுவாரு, அவ்வளவுதான்.

— தப்புக்கா. பெரிய தப்பு. அவரு சொன்னதுதான் சரின்னு பொதுக்குழுவுலயே சொல்றேன். தீர்மானத்தை ரத்து பண்ணி, அவரை மறுபடி சேத்துக்கிட்டு...

— அதையும் நோட்டுல எழுதி வெப்பியா?

— கிண்டல் பண்ணு, வாங்கிக்கிறேன். மாமா கேஸ் போட்டா பத்தாயிரம் குடும்பம் தப்பிக்கும். ஒரு வார்த்தை சொல்லுக்கா. நான் கால்ல விழுறேன்.

— விழ வேண்டாம். கேட்டா போடுவாரு. உன் மேல இருக்குற கோவத்தைவிட அந்த ஒப்பந்தத்து மேல அவருக்குக் கோவம் ஜாஸ்தி.

— அப்புறம் என்ன? இப்பவே கூட்டிட்டுப் போறேன். வக்கீல் சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ்லதான் இருப்பாரு.

— இருடா. அந்த வக்கீல் என்ன மாதிரி ஆள் வேணும்னாரு? முழுசா சொல்லு.

— அன்னைக்கு வந்தும் நோட்டுல கையெழுத்துப் போடாதவரா இருக்கணும். மாடு வெச்சுப் பால் கறந்து பொழைக்கிறவரா இருக்கணும். ஒப்பந்தத்தால நேரா பாதிக்கப்படுற ஆள்னு காட்டணுமாம். அவ்வளவுதான், ரெண்டே விஷயம்.

— முந்தாநாள் நாலு மாட்டையும் லாரியில ஏத்தி வித்துட்டாருடா. நாம எடுக்காத பாலை அவரு எத்தனை நாள்தான் சாக்கடையில ஊத்துவாரு?