நாலு மூலையிலும் மஞ்சள்

ஜொகூர் பாருவில், வீட்டைத் திருத்திக் கட்ட அனுமதி கேட்டு டவுன் போர்டு ஆபீஸ் வரிசையில் நின்றிருந்தேன். வரிசை நகரவில்லை, வெயில்தான் நகர்ந்தது. உள்ளே போய் வந்த ஒருவர், வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் சொன்னார்:

“நம்ம வீட்டோட நாலு மூலையையும் இடிக்கச் சொல்லியிருக்க நீ.”

“நானா?”

“பிளான்ல மஞ்சள் தடவினது யாரு?”

“நல்ல காரியத்துக்குப் போற காகிதமாச்சேன்னு மூலைக்கு மூலை வெச்சேங்க. கல்யாணப் பத்திரிகைக்கு வெக்கிறதில்லையா?”

“பிளான்ல மஞ்சள் இருந்தா, அந்த இடத்த இடிக்கப் போறோம்னு அர்த்தமாம். ‘மூலை இல்லாம கூரை எதுல நிக்கும்?’னு தொரை கேக்குறாரு.”

“அலமாக்! அப்ப பின்னால கட்டப் போற ரூமு? மக பிரசவத்துக்கு வர்றாளே. ஒழுகுற இடத்துலயா பச்சப்புள்ளையப் போடுறது?”

“புதுசா வரைஞ்சு கொண்டாரச் சொல்லிட்டாரு.”

அந்த அம்மாள் பிளானை வாங்கி, முந்தானையால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தார். மஞ்சள் இன்னும் பரவியது. கணவர் சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்க. புதுசா கட்டுறதுக்கு என்ன கலராம்?”

“சிவப்பு.”

அம்மாள் சுருக்குப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தார். கணவர் தடுப்பார் என்று நினைத்தேன். அவரோ பிளானைத் தம் முழங்கால்மேல் விரித்துப் பிடித்தார்.

“இதுதான் வீணாப் போயிடுச்சே. அந்த ரூமு மேல வை. கொஞ்சம் பெருசாவே வை.”