கேட்ட மாதிரி

கணினியில் இணையம் வரவில்லை என்றால், முதலில் பின்பக்கம் குனிந்து ஒயர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை. நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் கணினி அறை என் பொறுப்பு. ஆசிரியர்கள் பதறியடித்துக்கொண்டு வந்து வைரஸ் என்பார்கள், கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்ப்பார்கள். கடைசியில் பார்த்தால் துடைப்பம் பட்டு ஒயர் நழுவியிருக்கும். ஒயரின் முனையில் நகத்தளவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாக்கு உண்டு. சொருகும்போது அது கிளிக் என்று மாட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் கவலையில்லை. என் தங்கைக்கும் இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்து வீட்டுக்குச் செருப்போடு போய் வெறுங்காலோடு திரும்பி வருகிற பிள்ளை. குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்து, "போகட்டும்க்கா, எடுத்தவங்களாவது நனையாமப் போவாங்க" என்பாள். அம்மா போனபோது அவளுக்கு விவரம் தெரியாத வயது. குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டி வளர்த்தது நான். பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போயிற்று. அவரைத் திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். நான் தோள்பக்கம் பிடித்தால் வாலு இடுப்பைத் தாங்குவாள். ஒற்றை ஆளால் முடியவே முடியாது. இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாலு கட்டட வரைபடம் போடப் படித்தவள். வேறு ஊரில் பெரிய நிறுவனம் ஒன்று அவளை நேர்காணலுக்கு அழைத்தது. வீட்டிலிருந்தபடியே, வரைந்ததைத் திரையில் காட்டிப் பேச வேண்டும். எங்கள் வீட்டில் வைஃபை கிடையாது. பழைய மோடம் பெட்டி, ஒயர் மட்டும்தான். செல்போன் சிக்னல் வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போகவேண்டும். நேர்காணலுக்கு முதல் நாள் சாயங்காலம், முகத்தில் வெளிச்சம் விழட்டும் என்று அவள் மேசையை ஜன்னலோரமாக நகர்த்தி, ஒயரைக் கழற்றி மறுபடி சொருகினாள். கிளிக் என்றது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது.

"வேலை கிடைச்சதும் முதல் வேலையா உன்னையும் அப்பாவையும் கூட்டிட்டுப் போயிடுவேன்க்கா" என்று பின்னால் வந்து கட்டிக்கொண்டாள். போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் சிரித்தேன். அப்பாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான் மட்டும், அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று ஒரு காட்சி கண்முன் வந்து நின்றது. அன்று இரவு முழுக்க அது போகவில்லை.

மறுநாள் காலையில் வாலு குளிக்கப் போனாள். நான் நகவெட்டியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் குனிந்தேன். ஒயரை உருவி, அந்த நாக்கை நறுக்கிவிட்டு, பழையபடி சொருகி வைத்தேன். ஒயர் சொருகும் இடத்து விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. நாக்கு இல்லாத ஒயர் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும், லேசாக இழுபட்டால் போதும். வாலுவுக்குக் காலை ஆட்டாமல் உட்கார வராது. நிமிர்ந்தபோது, திறந்திருந்த அறையின் கட்டிலிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

நேர்காணல் நன்றாகவே தொடங்கியது. அவள் சிரிப்புக்கூடக் கேட்டது. பிறகு, "அக்கா, நின்னுபோச்சுக்கா, சீக்கிரம் வாயேன்" என்றாள். ஓடினேன். ஒயர் இணைக்கப்படவில்லை என்று கணினியே திரையில் சொல்லியிருந்தது. அவள் படிக்குமுன் அந்தச் செய்தியை மூடினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். கணினியை அணைத்துப் போட்டேன். அது எழுந்து வரும்வரை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஒவ்வொரு அமைப்பாகத் திறந்து மூடினேன். செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். முதலில் பார்க்கவேண்டியதைக் கடைசியில் பார்த்தேன், அவ்வளவுதான். அதற்குள் அவள் மாடிக்கு ஓடி, செல்போனில் துண்டு துண்டாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, முகம் செத்துக் கீழே வந்தாள்.

"ஒயர்தான் வாலு. நேத்து மேசைய நகர்த்தினியே, சரியாச் சொருகலையா?"

"சொருகினேனேக்கா. கிளிக்குனு சத்தம் கேட்டுச்சே."

"கேட்டுச்சா, கேட்ட மாதிரி இருந்துச்சா?"

அவள் வெறுங்கையால் சொருகுவது போல ஒருமுறை செய்து பார்த்தாள். "கேட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

மனசாட்சி இல்லாதவள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். அன்று சாயங்காலமே புது ஒயர் வாங்கிவந்தேன். தனியாகக் குளியலறையில் நின்று அழவும் செய்தேன்.

அந்த நிறுவனத்தார் நல்லவர்கள், மறுபடி ஒரு நாள் கொடுத்தார்கள். இந்த முறை நான் எதையும் தொடவில்லை, சத்தியமாக. வாலுதான் புது ஒயரை உருவுவாள், சொருகுவாள், காதை வைத்துக் கேட்பாள், நம்பாமல் மறுபடி உருவுவாள். விடிந்ததிலிருந்து அதே வேலை. கணினியின் துளைக்குள் இருக்கும் கம்பிகள் வளைந்து இணைப்பு செத்தே போயிற்று. நான் பக்கத்தில் நின்று, "பதறாதே வாலு, நிதானமாப் பாரு" என்று சொன்னதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவர்கள் மூன்றாவது முறை அழைக்கவில்லை. வாலுவும் வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லை. இப்போது குழாயை மூடினோமா, கதவைத் தாழிட்டோமா என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். செருப்பை வாசலில் விட்டால் நாலு தரம் எட்டிப் பார்க்கிறாள். காலை ஆட்டுவதுகூட நின்றுவிட்டது. அப்பாவுக்கு நான் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்கிறார். வாலு ஊட்டினால் சாப்பிடுகிறார். உடம்பு முடியாதவர்கள் குழந்தை மாதிரி, ஒருத்தரிடம் ஒட்டிக்கொள்வார்கள்.

இன்று அவளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்ல பெண்மணி. வாலுவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இது எப்போ ஆரம்பிச்சதும்மா? ஏதாவது நடந்துச்சா?" உங்களிடம் சொன்னதெல்லாம் என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் குணமாகிவிடுவாள் என்பதும் எனக்குத் தெரிந்தது.

"சின்னப் பிள்ளையிலேருந்தே இப்படித்தான் டாக்டர்" என்றேன். "நான்தான் கூடவே இருந்து பாத்துக்கறேன்."

"உங்கள மாதிரி அக்கா கிடைக்கறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, மாத்திரை எழுதினார்.

வெளியே பெஞ்சில் வாலு விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா தூங்கும் நேரமாகப் பார்த்து அவரைத் தனியே விட்டுத்தான் வந்திருந்தோம். என்னைக் கண்டதும் எழுந்தாள். "அக்கா, வரும்போது அடுப்ப அணைச்சேனா? அப்பா உள்ள இருக்காரேக்கா."

அணைத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிலிண்டரை மூடியதும் நான்தான்.

"அணைச்ச மாதிரிதான் இருந்துச்சு வாலு" என்றேன். "எதுக்கும் சீக்கிரம் போய்ப் பாத்துடலாம்."

அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த நிலைமையில் இவளை விட்டுவிட்டு நான் எங்கே போகமுடியும், நீங்களே சொல்லுங்கள்.