வாடை பார்ப்பவன்

நல்ல சுருட்டை வாங்கிய அன்றே பற்றவைப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதுவும் நிகரகுவா நாட்டுச் சுருட்டை. புதிதில் அது மிளகைக் கடித்த மாதிரி நாக்கைச் சுடும். லேசாக அமோனியா நெடி வேறு அடிக்கும். தேவதாரு அலமாரியில், சீரான ஈரத்தில், யாரும் தொந்தரவு செய்யாமல் ஐந்தாறு வருஷம் விட்டுவிட்டால் மிளகு அடங்கிக் கோகோ வாசம் தலைகாட்டும். ஒன்பதாவது வருஷத்தில் பழைய தோல்பையின் வாசம் ஒன்று வரும் பாருங்கள், அதற்காகக் காத்திருக்கலாம். இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்வதுதான் இருபத்தாறு வருஷமாக என் வேலை.

கடைக்குப் பின்னால் இருக்கும் சுருட்டறை என் பொறுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்துப் பிடித்துப் பார்த்து நோட்டில் எழுதுவேன். நான் சரி என்றால்தான் பெட்டி விற்பனைக்குப் போகும். முதலாளிக்கே சந்தேகம் வந்தாலும், "மூக்கைக் கேளுங்க" என்பார். கடையில் எனக்கு அதுதான் பெயர். என் சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து போனது. வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன். சூடு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. காபித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டேன். பினாயில் பாட்டிலைத் திறந்தேன். வெறும் காற்று. அன்று வந்து உட்கார்ந்த பயம் அதற்குப் பிறகு எழுந்து போகவே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சாம்பல் எவ்வளவு நீளம் நிற்கிறது, நெருப்பு நேராக இறங்குகிறதா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கசப்பும் இனிப்பும் நாக்குக்குத் தெரியும். மீதியைப் பழைய நோட்டுகளைப் பார்த்து எழுதினேன். யாராவது மூக்கைச் சுளித்தால் நானும் சுளிப்பேன். வீட்டில் ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"பால் கருகி வீடே நாறுது. பக்கத்துல உக்காந்துட்டு என்னங்க பண்றீங்க?"

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள்.

கடையில் முன்பக்கம் விற்பனையைப் பார்ப்பவன் அவளுடைய தம்பி, என் மச்சினன். நாற்பதை நெருங்குகிறான், இரண்டு பெண் குழந்தைகள். நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். சுருட்டைச் சுற்றியிருக்கும், வருஷம் அச்சிட்ட காகிதப் பட்டைகளைப் புதிதாக ஒட்டும் வேலையில் அவன் ஒரு தவறு செய்தான். ஒன்பது வருஷப் பெட்டியின் பட்டை போன மாதம் வந்த பெட்டிக்கும், புதுசின் பட்டை பழசுக்கும் போய்விட்டது. பற்றவைத்ததும் நாக்கு லேசாகச் சுட்டது, ஆனாலும் பட்டையை நம்பி நோட்டில் எழுதினேன்: "மிளகு முழுதாக அடங்கிவிட்டது. தோல்பை வாசம் பிரமாதம்."

அவன் அதைப் படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனோ தழைந்த குரலில் பேசினான்.

"மாமா, தப்பு என்னோடதுதான். ஆனா நீங்க பிடிச்சது போன மாசம் வந்த சுருட்டு. உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"சளி பிடிச்சிருக்கு."

"சளின்னா போயிடும். இல்லைன்னா டாக்டரைப் பாப்போம். சனிக்கிழமை முதலாளி வராரு, நான் பக்குவமா பேசி லீவு வாங்கித் தரேன். அதுவரைக்கும் யாராவது கூட இருந்து பாத்துக்கட்டும்."

வேண்டாம் என்றேன். கெஞ்சினேன் என்றும் சொல்லலாம். அவன் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினான். அவனுக்கு என் மேல் உண்மையான பாசம். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அந்த வாரம் அறையில் வண்டு வந்துவிட்டது. குண்டூசியால் குத்தின மாதிரி இலையில் பொடிப்பொடியாகத் துளை போடுகிற புகையிலை வண்டு. வியாழக்கிழமை மருந்துக்காரர் வந்து மருந்து வைத்து, கதவு இடுக்கெல்லாம் டேப் ஒட்டி மூடினார். ஞாயிறு காலை வரை திறக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார். "பூண்டு மாதிரி வாடை வந்தா உள்ள விஷம் இருக்குன்னு அர்த்தம். உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தார். எங்கள் கடையில் வழக்கம் அப்படி. மருந்தடித்த அறையைத் திறந்ததும் முதலில் நான் வாடை பார்ப்பேன். நான் "சரி" என்றால்தான் மற்றவர்கள் உள்ளே போவார்கள். இதற்கென்று கருவியெல்லாம் இருக்கிறதாம். நான் இருக்கும்போது அது எதற்கு என்று முதலாளி வாங்கவில்லை.

சனிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் கடைக்குப் போனேன். டேப்பையும் தாளையும் எடுத்துவிட்டேன். பசை காய்ந்துபோனால் மரத்தில் கறை விழும், அதனால்தான். அப்போது மனதில் வேறொன்றும் இருந்ததாக நினைவில்லை.

பத்து மணிக்கு மச்சினன் வந்தான். ஞாயிறு வரை திறக்கக் கூடாது என்பது முன்பக்கம் இருக்கும் அவனுக்குத் தெரியாது, தாளும் இப்போது கதவில் இல்லை. முதலாளி வருவதற்குள் அந்தப் பட்டைகளை மாற்றிவிட வேண்டும் என்றான். தன் தவறைத் திருத்திக்கொண்டு, என்னுடையதைச் சொல்லப்போகிறான். நான் கதவைக் கொஞ்சம் திறந்து மூக்கை வைத்தேன். அவனும் பக்கத்தில் வந்து நின்றான்.

"உங்களுக்கு என்ன தெரியுது மாமா?"

"அமோனியா. புதுப் பெட்டிங்க நிறைய இருக்கில்ல."

"எனக்கென்னவோ பூண்டு மாதிரி இருக்கு."

"இருபத்தாறு வருஷம் மோந்து பாரு, அப்புறம் சொல்லு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உங்களுக்கு வாடை திரும்பிடுச்சு. நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன். முதலாளிகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாமா" என்றான்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். சொல்லப்போவதில்லை என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதே அவன் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். ஆனால் என்ன சொல்லி இழுப்பது? பூண்டு வாடை என்று அவன் சொன்ன பிறகு, ஆமாம் பூண்டுதான் என்று நான் சொன்னால், முதலில் ஏன் அமோனியா என்றீர்கள் என்று கேட்பான். அவன் உள்ளே போனான். நான் கதவைச் சாத்தினேன். ஈரம் வெளியே போகக் கூடாது, எப்போதும் சாத்துவதுதான்.

சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து இருமல் கேட்டது. பிறகு முதுகில் தட்டல் தெரிந்தது. "மாமா, தலை சுத்துது, கதவு இறுகிக்கிச்சு." நான் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டேன். தட்டல் பலமாக இருந்து, மெதுவாகி, கடைசியில் சின்னக் குழந்தை தட்டுவது போல ஆகி, நின்றுபோனது. என் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது. அவ்வளவு பயம். அவன் எங்கே வெளியே வந்துவிடுவானோ என்று.

இதெல்லாம் உங்களிடம் சொல்கிறேன். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரிடம் இவ்வளவு சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எதிரே என் மனைவியை உட்கார வைத்திருந்தார். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"இவருக்கு ரெண்டு வருஷமா வாடையே தெரியாது சார். பால் கருகின அன்னிக்கே எனக்குத் தெரியும். சொன்னா ஒடிஞ்சு போயிடுவாருன்னு யார்கிட்டயும் சொல்லல. என் தம்பிகிட்டகூடச் சொல்லல. இவரு வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அம்மா சொல்றது நிஜம்னா இது விபத்து. டாக்டர் ஒரு சர்டிபிகேட் கொடுத்தாப் போதும், கேஸே வேற மாதிரி போயிடும். உங்களுக்கு வாடை தெரியாதுதானே?"

வாசலில் முதலாளி நின்றிருந்தார். கடை ஆட்கள் நான்கைந்து பேரும் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதிக்குங்க சார்" என்றேன். "கதவைத் திறந்ததுமே பூண்டு வாடை பளிச்சுனு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் அவனை உள்ள அனுப்பினேன். என் மூக்குக்கு ஒரு குறையும் இல்ல."