விட்டுப்போன நெருப்பு

வொராவுத்: உக்காரச் சொல்லாதே ஒராதை. மேற்குச் சரிவுல பத்துன தீ உன் புரோகிராமுக்கு ஏன் தெரியல, அத மட்டும் சொல்லு.

ஒராதை: செயற்கைக்கோள் பார்த்துடுச்சு அண்ணே. ஆனா...

வொராவுத்: ஆனா எங்க போனுக்கு வரல. கிழக்குல மட்டும்தான் தீன்னுச்சு. தீ பரவாம சருகை ஊதித் தள்ளுற மெஷினத் தூக்கிக்கிட்டு ஊரே அந்தப் பக்கம் இறங்குனோம். முதுகுக்குப் பின்னால மலை எரியுது.

ஒராதை: லம்யை அக்காவுக்கு இப்ப...

வொராவுத்: என் பொண்டாட்டிய அப்புறம் விசாரிக்கலாம். பதில் சொல்லு.

ஒராதை: செயற்கைக்கோள் பார்த்தத நமக்கு அனுப்புற சர்வர் எதையும் வரிசையா தராதுண்ணே. புதுசு முன்னால வரும், பழசு பின்னால வரும். சிலது ரொம்ப லேட்டாவும் வரும். என் புரோகிராம், வந்ததுலயே புதுசு எந்த நேரமோ அதக் குறிச்சு வெச்சுக்கும். அடுத்த தடவை அதுக்கப்புறம் உள்ளத மட்டும் கேக்கும்.

வொராவுத்: அப்ப லேட்டா வந்த பழைய தீ?

ஒராதை: ...விட்டுப்போயிடும்.

வொராவுத்: என்னமோ பஸ்ஸ விட்ட மாதிரி சொல்ற. இது தெரியாமலா எழுதுன?

ஒராதை: தெரியும். முன்னாடி ஒவ்வொரு தடவையும் குறிச்ச நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி இருந்தே கேட்டுக்கிட்டிருந்துச்சு, லேட்டா வந்ததும் சிக்கிடும். அத எடுத்துட்டேன்.

வொராவுத்: ஏன்?

ஒராதை: அதனால ஒரே தீக்கு உங்க போன்ல திரும்பத் திரும்ப மணி அடிச்சுது. தூங்க முடியலன்னு... புகார் வந்துச்சு.

வொராவுத்: புகார் வந்தா பிடுங்கிடுவியா?

ஒராதை: ஒவ்வொரு தீக்கும் ஒரு நம்பர் வரும். பார்த்த நம்பர ஞாபகம் வெச்சிருந்தா, மணி ஒரு தடவையோட நின்னிருக்கும். சோம்பேறித்தனம்ணே. இன்னிக்குக் காலையில ரெண்டையும் சரி பண்ணிட்டேன்.

வொராவுத்: இன்னிக்கு. அவ கால் வெந்ததுக்கு அப்புறம்.

ஒராதை: ஆமா.

வொராவுத்: புகார் சொன்னது யாரு?

ஒராதை: அது வேண்டாம்ணே.

வொராவுத்: எங்க தீயணைக்குற குழுவுலதானே? பேரச் சொல்லு.

ஒராதை: தப்பு என்னோடது. என்னைத் திட்டுங்க.

வொராவுத்: அதத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன். பேரு?

ஒராதை: சொல்ல மாட்டேன். நீங்க இந்த கம்ப்யூட்டரப் போட்டு உடைச்சாலும் சொல்ல மாட்டேன்.

வொராவுத்: ...வேண்டாம், விடு. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் லம்யையே சொல்லிட்டா, மணிய நிறுத்தச் சொன்னது அவதான்னு. கட்டுப்போட்ட காலோட கிடக்குறவகிட்ட எப்படிக் கத்துறது? அதான் உன் மாடிப்படி ஏறுனேன்.