நின்றுபோன தவணை

— அண்ணே, எதுக்குத் தவணை கட்டுறத நிறுத்தின? அத மட்டும் சொல்லு.

— எந்தத் தவணைட்டி?

— சாதிக் அண்ணன் தறி வாங்க எடுத்த பேங்க் லோன். நான்தான ஜாமீன் போட்டேன்? நோன்புக்கு முந்தியே கட்டுறது நின்னுபோச்சாம். எஞ் சிபில் ஸ்கோரு குப்புற விழுந்து கெடக்கு. ஆபிதா நர்சிங் படிப்புக்கு லோன் கேட்டுப் போனா, 'உங்க அண்ணன் கடன் பாக்கியா நிக்கிம்மா, தர முடியாது'ன்னு மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லுதாவ. வெள்ளிக்கெழமைக்குள்ள பீஸ் கட்டலன்னா எம்மவ சீட்டு போயிரும்.

— ஹஸ்னா, நான் அதக் கட்டவே இல்லியே.

— வெளையாடாத. சாதிக் அண்ணன அடக்குத அன்னைக்கு, ஜனாஸா தொழுகைக்கு முந்தி ஜமாத்து முன்னால எந்திரிச்சி நின்னு, 'மவுத்தான எந்தம்பி யாருக்காச்சும் கடன் குடுக்கணும்னா இர்ஷாதுகிட்ட கேளுங்க, அது எம் பொறுப்பு'ன்னு சொன்னது யாரு?

— சொன்னேன். கேட்டு வந்தவனுக்கெல்லாம் தறிய வித்துக் குடுத்தேன். பேங்குல இருந்து ஒருத்தரும் வரல. ஜாமீன் போட்டவ நீ, நீ கட்டுதேன்னுல்லா இருந்தேன்.

— பீடி சுத்துத கூலியிலயா? சரியாப் போச்சு! நீ கட்டுதேன்னு நான் இருந்தேன். அப்ப இத்தன வருசமாக் கட்டினது யாரு?

— பேங்குல கேட்டியா?

— கேக்காமயா? கவுண்டர்ல இருக்க ஜெஸ்லின் எங்கூடப் படிச்சவ. மாசா மாசம் ஒரு ஆளு ரொக்கமாக் கொண்டாந்து கட்டுவாராம். நம்ம சங்கரன்கோவில் பேங்குலயே! தலையோட துண்டப் போத்திக்கிட்டு, கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியுமாம். ஒரே ஒரு வாட்டி வாயத் தொறந்து, 'ஜாமீன் போட்ட பிள்ளைக்கு ஒண்ணும் வந்துராதுல்லா?'ன்னு கேட்டாராம்.

— அவன் கூட்டாளி எவனாவது இருப்பான்.

— சலான நொட்டாங்கையால எழுதுவாராம்ணே.

— சரி, இருக்கட்டும்.

— என்ன இருக்கட்டும்? நொட்டாங்கையால திங்காதலேன்னு சாதிக் அண்ணன உம்மா எத்தன அடி அடிச்சிருப்பாவ! பயமா இருக்குண்ணே.

— ஊருல நொட்டாங்கைக்காரன் ஒருத்தனா? கொரோனாவுல மவுத்தானவன் எந்திரிச்சி வந்து தவணை கட்டுவானா? நம்ம கையாலதான கபர்ல வச்சோம்.

— எத வச்சோம்? ஆஸ்பத்திரியில பிளாஸ்டிக்ல சுத்திக் கட்டிக் குடுத்தத வச்சோம். மொகத்தக் காட்டுனாவளா? கடன்காரனுவ வாசல்லயே உக்காந்து கெடந்த நேரம் அது. ஆஸ்பத்திரியில பேரு மாறி வேற யாரு மய்யித்தையோ குடுத்துட்டாவன்னு தெரிஞ்சி, அண்ணன் அப்படியே எங்கயாவது போயிருந்தா?

— வேண்டாம் ஹஸ்னா, இதோட விட்டுரு. பேங்க் பாக்கிய நான் கட்டுதேன். ஆபிதா பீசயும் நான் கட்டுதேன். பைக்க வித்துருதேன்.

— பணமாண்ணே இப்பப் பேச்சு? சாதிக் அண்ணன் உசுரோட இருந்தா ஹாலிதா மைனி கதி என்ன? தம்பி பொண்டாட்டி பச்சப்பிள்ளையோட நிக்காளேன்னு, புருசனுக்குத் துக்கம் காக்குத இத்தா முடியவும் ஊரே சேந்து உனக்கு நிக்காஹ் முடிச்சி வச்சாவளே, அது என்னாவும்?

— அவன் உசுரோட இல்ல.

— எப்படி அடிச்சிச் சொல்லுதே?

— தவணைதான் நின்னுபோச்சே.

— யா அல்லா! நோன்புக்கு முந்தி... அண்ணே, நோன்புக்கு முந்தி பூ மார்க்கெட்டுப் பக்கம் ஒரு அனாத மய்யித்துக் கெடந்துதே. பாய் மாதிரி தெரியுதுன்னு போலீசு ஜமாத்துக்குத் தகவல் சொல்லி, நீதான போயிக் குளிப்பாட்டிக் கபன் துணி போட்ட?

— ஆமா.

— அன்னைக்கும் நீ எந்திரிச்சி நின்னு, 'இவரு கடன் எம் பொறுப்பு'ன்னு சொன்னியாம். பேரு ஊரு தெரியாதவனுக்கு இப்படிச் சொல்ல இர்ஷாதுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு தெருவே பேசிச்சி.

— சொன்னேன்.

— மொகத்தப் பாத்தியாண்ணே?

— மெதுவாப் பேசுட்டி. உள்ள ஹாலிதா இருக்கா.